முப்பத்தொன்றாம் நம்பர் பாட்டில்

குடிப்பதற்காக இல்லாமல் ஒரு விஸ்கி பாட்டில் வாங்குவது என்று ஐம்பத்தொன்பதாவது வயதில் முடிவெடுத்தேன். குடகில், அதுவும் எங்கள் அம்மத்தியில், இப்படிச் சொன்னால், "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். கேட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து சுபேதார் மாச்சையா என் நெற்றியில் கை வைத்தே பார்த்தான்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பெங்களூரில் ஒரு சங்கம் இருக்கிறது. அபூர்வமான நம் நாட்டு சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டில்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களின் சங்கம். மொத்தம் இருபத்திரண்டு பேர். அதில் சேர நான் மூன்று தடவை மனுப் போட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில்தான் வந்தது: 'தங்களிடம் பார்க்கும்படியாக ஒரு பாட்டில் வந்ததும் தெரிவிக்கவும். எங்கள் உறுப்பினர் ஒருவர் வந்து பார்ப்பார்.'

அப்போதுதான் அந்தப் பதினாலு வருஷத்து மால்ட் வெளியே வந்தது.

சீமையில் முப்பது வருஷம் பீப்பாயில் போட்டு வைப்பார்கள். அங்கே குளிர். நம் வெயிலுக்கு அது நடக்காது. வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். பதினாலு வருஷம் கழித்துத் திறந்தால் அடியில் கால் பீப்பாய் இருந்தாலே அதிர்ஷ்டம். இந்தப் பீப்பாயில் நூற்றியிருபது பாட்டிலுக்குத்தான் தேறியது. குலுக்கல் போட்டார்கள். எனக்கு விழுந்தது.

விலையைச் சொல்ல மாட்டேன். அந்த வருஷத்து மிளகு முழுவதும் போயிற்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் தேக்குப் பெட்டியில் வந்தது. பெட்டியைச் சுற்றிக் கயிறு. முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு முத்திரை. மூடியில் பித்தளைத் தகடு. அதில் 31/120 என்று வெட்டியிருந்தது. முத்திரை உடைந்தால் மதிப்புப் போயிற்று. அதனால் நானே உள்ளே பார்க்கவில்லை. பெட்டியை வரவேற்பறை அலமாரியில் வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். பின்னால் இன்னொருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி தேச்சம்மா.

தேச்சம்மா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். கடைசிப் பத்து வருஷம் தலைமையாசிரியை.

"என்ன பெட்டி இது?"

"மாச்சையா குடுத்தான். மிலிட்டரி கேன்டீன் சரக்கு."

"கேன்டீன் சரக்குக்குத் தேக்குப் பெட்டியா?"

"இப்பல்லாம் அப்படித்தான். ராணுவம் முன்னேறிடுச்சு."

"முப்பத்தொன்னு, நூத்தியிருபதுன்னு போட்டிருக்கே?"

"டோக்கன் நம்பர். வரிசையில அவன் முப்பத்தொன்னாவது ஆள்."

"டோக்கனைப் பித்தளையிலயா குடுப்பாங்க?"

"காகிதம்னா மழையில நனைஞ்சிடுமே."

"அரக்கு முத்திரை எதுக்கு?"

"பாதுகாப்புத் துறை இல்லையா? பாதுகாப்பாத்தான் குடுப்பாங்க."

"என்ன விலை இருக்கும்?"

"நானூறு."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். தேச்சம்மா டீச்சர் கண்ணாடி துடைத்தால் பையன்கள் தானாகவே அழ ஆரம்பித்துவிடுவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நான் அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அதனால் தைரியமாக நின்றேன்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "வர்ற ஞாயித்துக்கிழமை காரணவருக்குப் படைக்கறோம். இந்த வருஷம் தனியா பாட்டில் வாங்க வேண்டாம். இதையே வெச்சிடலாம்."



காரணவர் என்றால் எங்கள் குலத்து முன்னோர். வருஷத்துக்கு ஒரு தடவை அவர்களுக்குப் பன்றிக்கறி, கோழிக்கறி, கடம்புட்டு என்கிற அரிசி உருண்டை, கூடவே பித்தளைக் கிண்டியில் மது வைத்துப் படைப்போம். அவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள் என்று தெரிந்ததும் மிச்சத்தை உறவெல்லாம் பங்கு போட்டுக்கொள்வோம். பீப்பாயில் முக்கால்வாசி ஆவியாகப் போனது. மிச்சத்தையும் ஆவிகளுக்கே குடு என்கிறாள்!

"தேச்சு, அவங்கெல்லாம் சாராயம் குடிச்ச ஆளுங்க. இது ஒத்துக்குமா?"

"செத்தவங்களுக்கு என்னங்க ஒத்துக்காமப் போகும்?"

"அதுக்கில்ல. வேற ஒரு காரணம்…"

"காரணமெல்லாம் வேண்டாம். காரணவர் போதும். உங்க தாத்தாவுக்கு ஒரு நானூறு ரூபா பாட்டில் வைக்க மனசு வரலையா?"

வரவில்லை என்று எப்படிச் சொல்வது? நானூறு என்று சொன்ன வாய் என்னுடையது.

மாச்சையா வீட்டுக்கு ஓடினேன். அவன் தோட்டத்தில் ஆரஞ்சுச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

"உண்மையைச் சொல்லிடு, பெள்ளியப்பா," என்றான்.

"சொன்னா மிளகு எங்கேன்னு கேப்பா."

"மிளகைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்க?"

"குரங்கு தின்னுடுச்சுன்னு."

"குரங்கு மிளகு தின்னுமா?"

"அவ கேக்கல."

"கேக்கலைன்னா நம்பிட்டான்னு அர்த்தமா?" என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். கல்யாணமாகாத ஆள். ஆனால் எல்லைக் காவலில் இருந்தவன். அவனுக்குச் சில விஷயம் புரியும். எனக்கு அப்போது புரியவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்தவுடனே, இத்தனை நாள் இந்தத் தலையைக் காப்பித் தோட்டத்தில் வீணாக்கிவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது. அவள் பார்த்தது பெட்டியைத்தான், பாட்டிலை இல்லை. அப்படியானால் இன்னொரு பெட்டி செய்தால் போதும். அதற்குள் நிஜமாகவே கேன்டீன் பாட்டிலை வைத்துவிட்டால் நான் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். பொய் சொன்ன புருஷன்கள் உலகத்தில் கோடிப் பேர். சொன்ன பொய்யைப் பாடுபட்டு மெய்யாக்கியவன் நான் ஒருவன்தான்.

மாச்சையா தன் பங்குப் பாட்டிலில் ஒன்றைக் குடுத்தான். சித்தாப்பூர் குஞ்ஞிராமன் ஆசாரி மூன்றே நாளில் அச்சாக அதே மாதிரிப் பெட்டி செய்தார். விராஜ்பேட்டையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவர் தகட்டில் நம்பர் வெட்டினார். அரக்கை நானே உருக்கி ஊற்றினேன். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. தேச்சம்மா மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போன வியாழக்கிழமை மத்தியானம் காரியத்தை முடித்தேன். போலிப் பெட்டி வரவேற்பறை அலமாரிக்கு வந்தது. அசல் பெட்டி துப்பாக்கி அலமாரிக்குப் போயிற்று.

எங்கள் வீட்டில் துப்பாக்கி அலமாரிச் சாவி வீட்டு ஆண்பிள்ளை இடுப்பில்தான் இருக்கும். குளிக்கும்போதும் இருக்கும். அன்றைக்கு என் நடையே மாறிவிட்டது என்று மாச்சையா சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை உறவெல்லாம் வந்து இறங்கியது. மைசூரிலிருந்து தேச்சம்மாவின் தம்பி குசாலப்பா வந்தான். எண்பத்துமூன்று வயதான பூவையா சித்தப்பா வந்தார். மாச்சையா வந்தான். தேச்சம்மா காலையிலேயே குளித்து, சமையலறையில் பாட்டிலைத் திறந்து கிண்டியில் ஊற்றி எடுத்து வந்தாள். முன்னோர் மாடத்தில் விளக்கேற்றி, இலை போட்டு, எல்லாம் வைத்துக் கதவைச் சாத்தினோம். நான் கண்ணை மூடி, 'தாத்தா, இந்த வருஷம் கேன்டீன் சரக்கு. பொறுத்துக்கொள்ளும்' என்று வேண்டிக்கொண்டேன்.

பிறகு பங்கு வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரு சின்ன டம்ளர்.

பூவையா சித்தப்பா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். சொல்லாமல் கொள்ளாமல் கண் கலங்கினார்.

"என்ன சித்தப்பா?"

"ஒண்ணுமில்லடா. இத்தனை நாள் இருந்ததுக்கு அர்த்தம் கெடச்ச மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குசாலப்பா இன்னும் மோசம். டம்ளருக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, கோயில் கர்ப்பக்கிரகத்தில் நிற்பவன் மாதிரி நின்றான்.

"அத்தான், இது என்ன சரக்கு?"

"கேன்டீன்."

"பலாப்பழ வாசனை வருதே!"

"சமையலறையில பலாப்பழம் இருக்குடா."

"இல்ல அத்தான், இது உள்ளேர்ந்து வருது."

"உனக்கு உள்ளே போனா எல்லாம் அப்படித்தான்."

மைசூரில் விஸ்கியைப் பற்றி வகுப்பு எடுக்கிற ஆள் மாதிரிப் பேசுவான் இவன். நானூறு ரூபா பாட்டிலில் கவிழ்ந்து கிடக்கிறான்! மாச்சையாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவனும் குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். என் காதில் வந்து சொன்னான்:

"என் பங்கு இவ்வளவு நல்லாவா இருக்கும்? இருபது வருஷமா நான்தான் தண்ணியை ஜாஸ்தி ஊத்தியிருக்கேன் போல."

தேச்சம்மாவும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, நிதானமாக, திருத்தவேண்டிய விடைத்தாள் மாதிரி ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். என் டம்ளரை என் கையில் குடுத்தாள்.

"ஒரு வாய் குடிங்க."

"எனக்கு வேண்டாம். நெஞ்செரிச்சல்."

"படைச்சது. ஒரு சொட்டாவது குடிங்க."

"வேண்டாம், தேச்சு. இதெல்லாம் என் நாக்குக்கு ஒத்து வராது."

"மூணாவது தடவை கேக்கறேன். அப்புறம் கேக்கலைன்னு சொல்லக் கூடாது."

"வேண்டாம்னா வேண்டாம்!" என்று என் டம்ளரை மாச்சையா டம்ளரில் கவிழ்த்தேன். கையோடு அவனுக்குக் கொஞ்சம் சோடாவும் ஊற்றினேன். ஊற்றும்போது தேச்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிய மனிதன் தன் மனைவியின் அறியாமையை மன்னிப்பது போல நான் மன்னித்தேன்.

மறுநாளே சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து அவர்கள் அனுப்பிய ஆள் வந்தார். லோபோ என்று பெயர். பெங்களூரில் பல் டாக்டர். மெலிந்த உடம்பு, அழுத்தி வாரிய தலை. காலை பதினோரு மணிக்கு எங்கள் வாசலில் காரை நிறுத்தி, கையுறை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு இறங்கினார். பிரேதப் பரிசோதனைக்கு வந்தவர் என்று நினைத்து எங்கள் நாயே குரைக்கவில்லை.

இடுப்புச் சாவியை எடுத்தேன். அலமாரியைத் திறந்தேன். இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தேன். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே ஒரு வருஷத்து மிளகு!

லோபோ தகட்டைப் பார்த்தார். "அருமை," என்றார். கயிற்றைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை அரக்கு முத்திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

"சார், இந்த முத்திரையில என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?"

"கம்பெனி முத்திரைதானே?"

"கன்னட எழுத்து. 'தலைமையாசிரியை'ன்னு இருக்கு."

நான் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. கூடவே ஒரு சின்னத் தாமரைப் பூவும் இருந்தது. தினம் ஒரு தடவை அலமாரியைத் திறந்து இந்தப் பெட்டியைக் கும்பிட்டுவிட்டு மூடியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கும்பிட்டதில்லை.

"திறந்து பாத்துடலாமா?" என்று லோபோ மெதுவாகக் கேட்டார். பல் பிடுங்குவதற்கு முன்னால் கேட்கிற குரல்.

திறந்தோம். உள்ளே வைக்கோலில் சுகமாகப் படுத்திருந்தது மாச்சையாவின் கேன்டீன் பாட்டில். 'பாதுகாப்புப் படையினருக்கு மட்டும்.' அரக்கு இருந்தது, சரக்கு இல்லை.

"தேச்சு!" என்று கத்தினேன்.

அவள் காப்பித் தட்டோடு வந்தாள். லோபோவுக்கு ஒரு வணக்கம் வைத்தாள். மேஜையைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"சர்க்கரை எத்தனை ஸ்பூன் போடட்டும்?" என்று அவரைக் கேட்டாள்.

"இந்தப் பெட்டியில இருந்தது எங்கே?" என்றேன் நான்.

"காரணவருக்கு வெச்சோமே."

"அது வரவேற்பறை அலமாரியில இருந்த பெட்டி!"

"அலமாரியில இருந்ததுதான் நானூறு ரூபா கேன்டீன் சரக்குன்னு நீங்களே சொன்னீங்க. அதைப் பூட்டாம வெச்சிருந்தீங்க. இதைத் துப்பாக்கியோட வெச்சுப் பூட்டினீங்க. அப்ப எது ஒசத்தி? பெரியவங்களுக்கு ஒசத்தியானதைத்தானே வைக்கணும்? அதான் ரெண்டு பெட்டியையும் திறந்து பாட்டிலை மாத்திட்டேன்."

"ரெண்டு பெட்டி இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"வெள்ளிக்கிழமை சித்தாப்பூர் சந்தையில ஆசாரி கேட்டார். 'டீச்சர், சாருக்கு ரெண்டாவது பெட்டி திருப்திதானே?'ன்னு. எனக்கும் திருப்திதான்னு சொன்னேன்."

"அலமாரிச் சாவி என் இடுப்புல இருக்கு!"

"அந்தப் பூட்டும் ஊறுகாய் அலமாரிப் பூட்டும் ஒரே கடையில வாங்கினது. ஒரே சாவிதான் ரெண்டுக்கும். கல்யாணமான வருஷத்துலேர்ந்து அப்படித்தான்."

"முத்திரை?"

"பரீட்சைக் கேள்வித்தாள் கட்டுக்குப் பத்து வருஷம் அரக்கு வெச்சிருக்கேன். பழைய முத்திரை ஒண்ணு வீட்டுலயே தங்கிடுச்சு. ஏன், சரியா விழலையா?"

"ரொம்ப நல்லா விழுந்திருக்கு, மேடம்," என்றார் லோபோ. மனதாரச் சொன்னார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு டம்ளராக என் கண் முன்னால் வந்து போயிற்று. சித்தப்பாவின் கண்ணீர். குசாலப்பாவின் மூக்கு. மாச்சையாவுக்கு நான் கவிழ்த்த என் பங்கு. அதில் நானே என் கையால் ஊற்றிய சோடா.

லோபோ காப்பியைத் தொடவில்லை. "மேடம், அந்தப் பாட்டில்… காலிப் பாட்டில்… இருக்கா?"

தேச்சம்மா சமையலறையிலிருந்து எடுத்து வந்தாள். தோளில் 31 என்று பொறித்திருந்தது. உள்ளே கறுப்பாக ஏதோ இருந்தது. பன்றிக்கறிக்கு ஊற்றுகிற கச்சம்புளி. மூன்று வாரமாக அதிலிருந்துதான் என் கறி புளித்திருக்கிறது. அவர் அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டார்.

"இதை எனக்குக் குடுப்பீங்களா? விலை நீங்களே சொல்லுங்க."

"ஐயோ, வேண்டாம். மூடி நல்லா இறுக்கமா இருக்கு. கச்சம்புளி கெடாம நிக்குது."

அவர் பாட்டிலை மனசில்லாமல் திருப்பிக் குடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மேடம், நூத்தியிருபது பாட்டில். நூத்திப் பத்தொன்பது பேர் பூட்டி வெச்சிருக்கோம். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அம்பத்தெட்டாம் நம்பர். திறக்க தைரியம் வரல. இதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்சு இதைக் குடிச்சவங்க உங்க வீட்டு ஆளுங்க மட்டும்தான். எப்படி இருந்துச்சு?"

தேச்சம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மொதல்ல வறுத்த பார்லி. அப்புறம் பலாச்சுளை, ரொம்பப் பழுத்தது இல்ல, பழுக்கப் போறது. முழுங்கினப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. ஏமாத்திடுச்சேன்னு நினைச்சேன். அப்பத்தான் வந்துச்சு. கோடையில மொத மழை பெஞ்சு பத்து நாளைக்கு அப்புறம் தோட்டம் முழுக்கக் காப்பிப் பூ வெள்ளையாப் பூக்குமே, அந்த வாசனை. கண்ணை மூடினா தோட்டத்துல நிக்கறேன்."

லோபோ நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"காரம் ஏதாவது?"

"இருந்துச்சு. மிளகு. நல்ல மிளகு. ஒரு வருஷத்து மிளகு அத்தனையும் அதுலதானே இருக்கு?" என்று என்னைப் பார்த்தாள். "குரங்கு ரொம்ப ருசி தெரிஞ்ச குரங்குங்க."

நான் காப்பியைக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது. அது எனக்கு வைத்த காப்பியும் இல்லை.

சங்கத்திலிருந்து அடுத்த மாதம் கடிதம் வந்தது. தடித்த காகிதம், தங்க எழுத்து. இருபத்துமூன்றாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதில் பெருமைப்படுகிறார்களாம். ஆண்டு விருந்தில் வந்து பேச வேண்டுமாம். மேலே பெயரைப் பார்த்தேன். திருமதி தேச்சம்மா. கீழே ஒரு வரி: 'உறுப்பினர் விரும்பினால் விருந்தினர் ஒருவரை அழைத்து வரலாம்.'

"விரும்புறியா?" என்று கேட்டேன்.

"நீங்க வரலைன்னா ஜீப்பை யார் ஓட்டறது?"

விடியற்காலையில் கிளம்பினோம். ஆறு மணி நேரம் ஓட்டினேன். மத்தியான விருந்து. பெரிய மண்டபம். இருபத்திரண்டு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிவப்புக் கரைச் சேலையைக் குடகுக் கட்டாகக் கட்டிக்கொண்டு தேச்சம்மா மேடையேறினாள். பார்லி, பலாச்சுளை, காப்பிப் பூ. அவள் காப்பிப் பூவுக்கு வந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர் கைக்குட்டையை எடுத்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் என் சமையலறையில் இருந்த நாக்கு இது!

பேச்சுக்கு நடுவில் லோபோ எழுந்தார். "இதைக் கேட்டதுக்கப்புறம் பூட்டி வெச்சுக்கிட்டு இருக்க என்னால முடியல," என்றார். தன் ஐம்பத்தெட்டாம் நம்பர் பாட்டிலை எல்லோர் முன்னாலும் திறந்துவிட்டார். மண்டபமே மூச்சை நிறுத்தியது. சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றி, தட்டில் வைத்து, வரிசை வரிசையாகக் கொண்டுவந்தார்கள்.

முதல் வரிசை. இரண்டாம் வரிசை. கடைசி வரிசை. பரிமாறுகிறவர் என் முன்னால் குனிந்தார். தட்டில் ஒரே ஒரு கோப்பை மிச்சமிருந்தது. அதிலிருந்து வாசனை வந்தது. சத்தியமாகப் பலாச்சுளை. கையை நீட்டினேன். கோப்பை விரலில் பட்டது.

மேடையில் ஒலிபெருக்கி லேசாகக் கரகரத்தது.

"தம்பி, தூணுகிட்ட உக்காந்திருக்காரே, அவருக்கு வேண்டாம். எலுமிச்சம்பழ ஜூஸ் குடுங்க. திரும்பி அம்மத்தி வரைக்கும் அவர்தான் ஜீப் ஓட்டணும்."